பன்றி தின்ற எண்ணெய் எங்கே போகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பன்றி வளர்ப்பவர்கள், தீவனம் கலப்பவர்கள், இறைச்சி பதப்படுத்துபவர்கள், சும்மா ஆர்வத்தில் கேட்பவர்கள் எல்லோரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கொஞ்சம் வேதியியல் வரும். பள்ளியில் படித்தது மறந்திருந்தாலும் பரவாயில்லை, தேவையான இடத்தில் சொல்லிவிடுகிறேன்.

தீவனத்தில் இருக்கும் கொழுப்பு பன்றியின் உடம்பில் அப்படியே போய்ப் படிகிறதா?

பெருமளவுக்கு ஆமாம். பன்றிக்கு நம்மைப் போல ஒற்றை வயிறு. தின்ற எண்ணெயைச் சிறுகுடலில் பித்தநீரும் கணைய நொதியும் உடைக்கின்றன. உடைந்து வரும் கொழுப்பு அமிலங்கள் உருமாறாமலேயே உறிஞ்சப்பட்டு, இரத்தத்தில் ஏறி, தோலுக்கு அடியிலும் வயிற்றுக்குள்ளும் சேர்கின்றன. சோயா எண்ணெய் கொடுத்தால் சில வாரங்களில் முதுகுக் கொழுப்பில் சோயாவின் சாயல் தெரியும். ஆளிவிதை கொடுத்தால் ஆளிவிதையின் சாயல்.

ஆனால் பன்றி தன் கொழுப்பில் பெரும்பகுதியைத் தின்பதில்லை, தானே செய்துகொள்கிறது. மாவுச்சத்து மிஞ்சும்போது அதைக் கொழுப்பாக மாற்றிச் சேமிக்கிறது. ஆக, பன்றியின் உடம்பில் உள்ள கொழுப்புக்கு இரண்டு வரத்துகள்: தின்றது ஒன்று, செய்தது ஒன்று. இரண்டும் எந்த விகிதத்தில் கலக்கின்றன என்பதுதான் விஷயம். கீழே வரும் புதிர்களில் முக்கால்வாசி இந்த ஒரு கணக்கில் அவிழ்ந்துவிடும்.

மாட்டுக் கொழுப்பு மட்டும் எதைத் தின்றாலும் கெட்டியாகவே இருக்கிறதே?

அசைபோடும் விலங்குகளின் முதல் வயிற்றறையில் கோடிக்கணக்கான நுண்ணுயிரிகள் இருக்கின்றன. தீவனத்தின் நிறைவுறாக் கொழுப்பு அமிலங்கள் (கார்பன் சங்கிலியில் இரட்டைப் பிணைப்பு உள்ள, இளகலான வகை) குடலுக்குப் போவதற்கு முன்பே அவை ஹைட்ரஜனை ஏற்றி, பெரும்பகுதியை நிறைவுற்றதாக (இரட்டைப் பிணைப்பு இல்லாத, கெட்டியான வகையாக) மாற்றிவிடுகின்றன. மாடு சூரியகாந்தி விதையைத் தின்றாலும் அதன் குடலுக்கு வந்து சேர்வது வேறு சரக்கு. பன்றியின் பெருங்குடலிலும் நுண்ணுயிரிகள் உண்டு, அவையும் இந்த வேலையைக் கொஞ்சம் செய்கின்றன. ஆனால் கொழுப்பு உறிஞ்சப்படும் இடத்தைத் தாண்டித்தான் அவை இருக்கின்றன. அங்கே மாறுவது சாணத்தோடு வெளியே போய்விடும்.

பன்றி தானாகச் செய்யும் கொழுப்பு எப்படிப்பட்டது?

கெட்டியானது. முதலில் உருவாவது 16 கார்பன் நீளமுள்ள பால்மிட்டிக் அமிலம். அதில் ஒரு பங்கை இன்னும் இரண்டு கார்பன் நீட்டி ஸ்டியரிக் அமிலமாக்குகிறது. அப்புறம் டெல்டா-9 டிசாச்சுரேஸ் என்ற நொதி ஸ்டியரிக்கில் ஓர் இரட்டைப் பிணைப்பைப் போட்டு ஒலியிக் அமிலமாக மாற்றுகிறது. அத்தோடு சரி. இரண்டாவது இரட்டைப் பிணைப்பைப் போட்டு லினோலிக் அமிலம் செய்யவோ, மூன்றாவதைப் போட்டு ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் செய்யவோ தேவையான நொதிகள் பன்றியிடம் கிடையாது. நம்மிடமும் கிடையாது.

அதனால் ஒரு பன்றியின் கொழுப்பில் இருக்கும் லினோலிக் அமிலம் ஒவ்வொரு துளியும் அது தின்றதிலிருந்தே வந்தது என்று தயங்காமல் சொல்லலாம். சோதனைச்சாலையில் கொழுப்பைப் பார்த்து, இந்தப் பன்றி எந்த மாதிரித் தீவனத்தில் வளர்ந்தது என்று ஊகிக்க முடிவது இதனால்தான்.

மனிதர்களில் புதுக் கொழுப்பு உருவாகும் முக்கிய இடம் கல்லீரல். பன்றியில் இந்த வேலை பெரும்பாலும் கொழுப்புத் திசுவிலேயே நடக்கிறது. செய்யும் இடமும் சேமிக்கும் இடமும் ஒன்றுதான்.

சாதாரணப் பன்றிக் கொழுப்பில் என்னென்ன இருக்கிறது?

தானியமும் சோயாப் புண்ணாக்கும் தின்று வளர்ந்த பன்றியில், மொத்தக் கொழுப்பு அமிலங்களில் ஒலியிக் 40 முதல் 45 சதவீதம் வரை இருக்கும். பால்மிட்டிக் 23 முதல் 26, ஸ்டியரிக் 11 முதல் 15, லினோலிக் ஏறத்தாழ 10 முதல் 15. மீதி பால்மிட்டோலெயிக், மிரிஸ்டிக், லினோலெனிக் போன்ற சில்லறைகள்.

பலருக்கு இது ஆச்சரியம். பன்றிக் கொழுப்பு என்றாலே நிறைவுற்ற கொழுப்பு என்ற எண்ணம் ஊறிப்போயிருக்கிறது. உண்மையில் அதில் அதிகம் இருப்பது, ஆலிவ் எண்ணெயில் நாம் கொண்டாடும் அதே ஒலியிக் அமிலம். நிறைவுற்றவை எல்லாம் சேர்ந்து 40 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும்.

இந்த அமிலங்கள் எதில் உருகுகின்றன என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், பின்னால் உதவும். ஸ்டியரிக் ஏறத்தாழ 70 டிகிரி செல்சியஸ், பால்மிட்டிக் 63, ஒலியிக் 13, லினோலிக் பூஜ்ஜியத்துக்குக் கீழே 5. கொழுப்பு கெட்டியாக இருக்குமா, கொழகொழவென்று இருக்குமா என்பதைப் பெரும்பாலும் ஸ்டியரிக்குக்கும் லினோலிக்குக்கும் இடையிலான இழுபறியே முடிவு செய்கிறது.

அயோடின் எண் என்று சொல்கிறார்களே, அது என்ன?

100 கிராம் கொழுப்பு எத்தனை கிராம் அயோடினைப் பிடித்துக்கொள்கிறது என்பதே அயோடின் எண். இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தில்தான் அயோடின் ஒட்டும். எனவே எண் ஏறினால் கொழுப்பு இளகல், இறங்கினால் கெட்டி.

தேங்காய் எண்ணெய்க்கு 10-ஐ ஒட்டி, மாட்டுக்கொழுப்புக்கு 45 வாக்கில், பாமாயிலுக்கு 50-க்குச் சற்று மேல், ஆலிவ் எண்ணெய்க்கு 80 சொச்சம், சோயாவுக்கும் சூரியகாந்திக்கும் 130 அளவில், ஆளிவிதை எண்ணெய்க்கு 170-ஐத் தாண்டும். பன்றிக் கொழுப்பு வழக்கமாக 55-க்கும் 75-க்கும் நடுவில் எங்காவது நிற்கும்.

இப்போதெல்லாம் யாரும் அயோடின் ஊற்றி அளப்பது குறைவு. வாயு நிறப்பகுப்பு என்ற ஆய்வக முறையில் கொழுப்பு அமிலங்களைத் தனித்தனியாக அளந்து, அதிலிருந்து கணக்குப் போட்டு எண்ணை எடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் ஒரு சதவீத ஒலியிக் 0.86 என்றால், ஒரு சதவீத லினோலிக் 1.732, லினோலெனிக் 2.616. லினோலிக் கொஞ்சம் கூடினாலே எண் ஏன் சட்டென்று எகிறுகிறது என்பது இதிலேயே தெரியும்.

கொழுப்பு இளகினால் என்ன குடி முழுகிவிடும்?

பச்சை இறைச்சியாகச் சமைத்துச் சாப்பிடுபவருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. அடி வாங்குவது பதப்படுத்துபவர். வயிற்றுப்பகுதியைக் கெட்டியாகக் குளிர்வித்து மெல்லிய பேக்கன் துண்டுகளாக வெட்டும்போது இளகிய கொழுப்பு கத்தியோடு இழுபடும், துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டும், கொழுப்பும் தசையும் தனித்தனியாகப் பிரியும். தொத்திறைச்சி அரைக்கும்போது கொழுப்பு மணி மணியாக நிற்காமல் வழவழவென்று பூசிக்கொள்ளும். பொட்டலத்தில் எண்ணெய் கசியும்.

இரண்டாவது தொல்லை காறல், அதாவது கொழுப்பு கெட்டு வாடை அடிப்பது. இரட்டைப் பிணைப்பு கூடக் கூட ஆக்சிஜன் சீக்கிரம் தாக்கும். லினோலிக் அமிலம் ஒலியிக்கைவிடப் பத்து மடங்குக்கும் மேலான வேகத்தில் ஆக்சிஜனேற்றம் அடையும், லினோலெனிக் அதைவிட வேகம். மாதக்கணக்கில் தொங்கவிட்டுப் பக்குவப்படுத்தும் தொடை இறைச்சிக்கு இது உயிர்ப் பிரச்சினை. இத்தாலியின் பார்மா ஹாம் விதிமுறைகளில், தொடையின் தோலடிக் கொழுப்புக்கு அயோடின் எண் 70, லினோலிக் அமிலம் 15 சதவீதம் என்று வரம்பு வைத்திருப்பது இதற்காகத்தான்.

பேக்கன் ஆலைகளில் இன்றும் ஓர் எளிய சோதனை உண்டு. வயிற்றுப்பகுதியை ஒரு கம்பியின் குறுக்கே போடுவார்கள். இரு முனைகளும் விலகி நின்றால் கெட்டி, துணி காயப்போட்டது மாதிரி தொங்கி முனைகள் தொட்டுக்கொண்டால் இளகல். கருவி ஒன்றும் வேண்டாம்.

இதெல்லாம் எப்போது கண்டுபிடித்தார்கள்?

விஷயம் தொழிலில் இருந்தவர்களுக்கு வெகுகாலமாகத் தெரியும். ஆய்வாக நன்றாகப் பதிவானது 1920-களில், அமெரிக்காவில். அங்கே தென் மாநிலங்களில் அறுவடை முடிந்த நிலக்கடலைக் காட்டில் பன்றிகளை இறக்கிவிடுவது வழக்கம். மிஞ்சிய கடலையைக் கிளறித் தின்று பன்றிகள் மளமளவென்று எடை போடும். ஆனால் இறைச்சி ஆலைக்காரர்கள் 'மென்பன்றி' என்று சொல்லி விலையைக் குறைப்பார்கள், ஏனென்றால் குளிர்வித்த பிறகும் அந்த இறைச்சி விறைக்காது. இதை அரசு வேளாண் துறை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. எல்லிஸும் ஐஸ்பெல்லும் 1926-இல் வெளியிட்ட கட்டுரைகள் இந்தத் துறையின் அஸ்திவாரம்: தீவனத்து எண்ணெயின் குணம் பன்றியின் கொழுப்பில் எப்படி ஏறுகிறது, எண்ணெய் குறைந்த தானியத் தீவனம் ஏன் கெட்டிக் கொழுப்பைத் தருகிறது என்று அளந்து காட்டினார்கள்.

நூறு வருடம் ஆகிறது. அவர்கள் சொன்ன அடிப்படையில் இன்றுவரை பெரிய திருத்தம் எதுவும் வரவில்லை. நிலக்கடலையின் இடத்தில் வேறு பொருள் வந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த வேறு பொருள் டிடிஜிஎஸ்-தானே?

ஆமாம். மக்காச்சோளத்திலிருந்து எத்தனால் எடுத்த பிறகு மிஞ்சும் சக்கையை உலர்த்தி விற்பதுதான் டிடிஜிஎஸ். மாவுச்சத்து அநேகமாக முழுக்க ஆலையில் சாராயமாகப் போய்விடும். புரதம், நார்ச்சத்து, எண்ணெய் மூன்றும் செறிவாக மிஞ்சும். எண்ணெயைப் பிரித்தெடுக்காத சக்கையில் ஏறத்தாழ 10 சதவீதம் எண்ணெய் இருக்கும், அதில் பாதிக்கு மேல் லினோலிக்.

கவனியுங்கள், இங்கே இரண்டு பக்கமும் அடி விழுகிறது. லினோலிக் வரத்து கூடுகிறது. கூடவே, பன்றி தானாகக் கெட்டிக் கொழுப்பு செய்யத் தேவையான மாவுச்சத்தும் குறைகிறது. பொதுவாக, தீவனத்தில் ஒவ்வொரு 10 சதவீதம் டிடிஜிஎஸ் கூடும்போதும் அயோடின் எண் 2 அலகு வாக்கில் ஏறும் என்று தொழிலில் கணக்கு வைத்துக்கொள்கிறார்கள். 30 சதவீதம் போட்டால் 6 அலகு. 66-இல் இருந்தவர் 72-க்குப் போய்விடுவார். இப்போது பல ஆலைகள் எண்ணெயைத் தனியாகப் பிரித்து விற்றுவிடுவதால் சக்கையில் எண்ணெய் குறைந்திருக்கிறது. மூட்டையின் மேல் இருக்கும் பெயரை நம்பாமல், அந்த லோடில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்று கேட்டு வாங்குங்கள்.

அப்படியானால் கொஞ்சம் மாட்டுக்கொழுப்பைத் தீவனத்தில் கலந்தால் பன்றிக் கொழுப்பு கெட்டியாகிவிடும் அல்லவா?

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான், ஆனால் பெரும்பாலும் ஏமாற்றம்தான் கிடைக்கும்.

காரணம் என்னவென்றால், தீவனத்தில் எந்தக் கொழுப்பு கூடினாலும் பன்றி தானாகச் செய்வது குறைகிறது. கொழுப்பு செய்யும் நொதிகள், குறிப்பாக அசிட்டைல்-கோஏ கார்பாக்சிலேஸ், வெளியிலிருந்து கொழுப்பு வந்து குவியும்போது அடங்கிப்போகும். மாட்டுக்கொழுப்பைக் கொடுத்தால், பன்றி செய்திருக்கக்கூடிய கெட்டிக் கொழுப்புக்குப் பதிலாக மாட்டுக்கொழுப்பு வந்து உட்காரும். இரண்டின் குணமும் கிட்டத்தட்ட ஒன்றே. மாட்டுக்கொழுப்பிலும் 40 சதவீதத்துக்கு மேல் ஒலியிக்தான். பழைய கெட்டி போய்ப் புதிய கெட்டி வந்தது, லாபம் எங்கே? அதோடு ஸ்டியரிக் நிறைந்த கொழுப்பு மற்றவை அளவுக்கு நன்றாகச் செரிப்பதும் இல்லை.

சோயா எண்ணெயை எடுத்துவிட்டு அந்த இடத்தில் மாட்டுக்கொழுப்பு போட்டால் நிச்சயம் பலன் உண்டு. டிடிஜிஎஸ்-ஐ அப்படியே வைத்துக்கொண்டு மேலே மாட்டுக்கொழுப்பைச் சேர்ப்பதில்தான் பலன் இல்லை. உள்ளே வரும் லினோலிக் குறையாதவரை வேறு எதைச் சேர்த்தும் பெரிய பயன் கிடையாது.

நல்ல கெட்டிக் கொழுப்பு வேண்டுமென்றால் வழி சலிப்பூட்டும் அளவுக்கு எளிது: எண்ணெய் குறைந்த, மாவுச்சத்து நிறைந்த தீவனம். பார்லி, கோதுமை போன்ற தானியங்களில் எண்ணெய் 2 சதவீதத்தை ஒட்டியே இருக்கும். மக்காச்சோளத்தில் அதைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மற்றதைப் பன்றியே பார்த்துக்கொள்ளும்.

தேங்காய் எண்ணெய், பாமாயில்?

தேங்காய் எண்ணெயின் லாரிக், மிரிஸ்டிக் அமிலங்களும் கொழுப்பில் படியும், கொழுப்பு கெட்டியாகவே இருக்கும். ஆனால் அதில் ஒரு பங்கு படியாமல் உடனே எரிபொருளாகிவிடுகிறது. பாமாயில் நடுவாந்தரம். விலை கட்டுபடியாகுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓக் கொட்டை தின்னும் ஸ்பானியப் பன்றிகளின் கொழுப்பு கையில் உருகுமே, அதைப் போய் உலகமே புகழ்கிறதே?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். இளகிய கொழுப்பு மோசம் என்று இவ்வளவு நேரம் சொன்னதற்கு நேர் எதிரான உதாரணம் இது.

ஐபீரியப் பன்றிகளை அக்டோபர் வாக்கில் ஓக் மரக் காடுகளில் இறக்கிவிடுகிறார்கள். குளிர்காலம் முழுக்க மரத்திலிருந்து உதிரும் கொட்டைகளையும் தரையில் முளைத்த புல்லையும் தின்று திரியும். இதற்கு மொந்தனேரா என்று பெயர். ஸ்பெயினின் 2014-ஆம் ஆண்டு விதிகளின்படி, கொட்டை தின்று வளர்ந்தது என்ற பட்டம் பெற ஒரு பன்றி காட்டில் குறைந்தது 60 நாள் இருந்து, 46 கிலோவாவது எடை கூடியிருக்க வேண்டும். ஓக் கொட்டையின் கொழுப்பில் 60 சதவீதத்துக்கு மேல் ஒலியிக். அது பன்றியின் கொழுப்பிலும் ஏறி, ஒலியிக் 50 சதவீதத்தைத் தாண்டிப்போகிறது.

சூட்சுமம் என்னவென்றால், இந்தக் கொழுப்பு இளகியிருப்பது ஒலியிக்கால், லினோலிக்கால் அல்ல. ஒலியிக் 13 டிகிரியிலேயே உருகுவதால் வாயில் போட்டதும் கரைகிறது. அதே சமயம் ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு என்பதால் எளிதில் காறாது. மூன்று வருடம் தொங்கவிட்டாலும் தாங்கும். போதாததற்குப் புல்லிலிருந்து வைட்டமின் ஈ வேறு கிடைக்கிறது, அது ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும். கொட்டையில் மாவுச்சத்தும் நிறைய. பன்றி அதிலிருந்து தன் பங்குக்கும் ஒலியிக் செய்துகொள்கிறது.

ஒரு காலத்தில் அங்கே பன்றி உண்மையிலேயே கொட்டை தின்றதா என்பதைக் கொழுப்பில் பால்மிட்டிக், ஸ்டியரிக், ஒலியிக், லினோலிக் நான்கையும் அளந்துதான் தரம் பிரித்தார்கள். பார்த்தார்கள் தீவனக்காரர்கள். ஒலியிக் மிகுந்த சூரியகாந்தி எண்ணெயைத் தீவனத்தில் கலந்து, காட்டையே பார்க்காத பன்றியிலும் அந்த எண்களைக் கொண்டுவந்துவிட்டார்கள். பன்றியின் கொழுப்பு தின்றதைப் பிரதிபலிக்கும் என்பதற்கு இதைவிடக் குறும்பான நிரூபணம் வேண்டுமா? அதனால்தான் இன்றைய விதிகள் எண்களை விட்டுவிட்டுக் காட்டுக்கே போய்ப் பன்றியைப் பார்க்கச் சொல்கின்றன.

ஒரே தீவனம்தான் போடுகிறோம். மெலிந்த பன்றிகளின் கொழுப்பு மட்டும் ஏன் இளகலாக இருக்கிறது?

இரண்டு வரத்துக் கணக்கை இங்கே போட்டுப் பாருங்கள். புரிவதற்காக வைத்துக்கொண்ட எண்கள்தான் இவை. இரண்டு பன்றிகளும் நாளுக்கு 30 கிராம் லினோலிக்கை உடம்பில் சேர்க்கின்றன என்று வையுங்கள். ஒன்று நாளுக்கு மொத்தம் 300 கிராம் கொழுப்பு சேர்க்கும் கொழுத்த பன்றி. அதன் புதுக் கொழுப்பில் லினோலிக் 10 சதவீதம். இன்னொன்று 200 கிராம் மட்டுமே சேர்க்கும் மெலிந்த இனம். அதில் 15 சதவீதம். தின்றது ஒன்றுதான், ஆனால் மெலிந்த பன்றி அதைக் கலந்து நீர்க்கச் செய்வதற்குத் தேவையான சொந்தச் சரக்கைக் குறைவாகவே தயாரித்தது.

காயடித்த ஆண் பன்றியைவிடப் பெண் பன்றியின் கொழுப்பும், அதைவிடக் காயடிக்காத ஆணின் கொழுப்பும் இளகலாக இருப்பதும் இதனால்தான். நோய் வந்து வளர்ச்சி தடைப்பட்ட பன்றி, தீவனம் போதாமல் இழுத்துப்பிடித்த பன்றி, எடை வருவதற்குள் வெட்டப்பட்ட பன்றி எல்லாவற்றுக்கும் இதே கதை. மெலிந்த இறைச்சிதான் வேண்டும் என்று பல பத்தாண்டுகள் இனத்தேர்வு செய்துவிட்டு, கொழுப்பு கெட்டியாக இல்லையே என்று புலம்புவதில் அர்த்தமில்லை. அதற்குக் கொடுத்த விலைதான் இது.

ஒரே பன்றியில் இடத்துக்கு இடம் கொழுப்பு மாறுமா?

நன்றாகவே மாறும். சிறுநீரகத்தைச் சுற்றியிருக்கும் கொழுப்புதான் மிகக் கெட்டி. முதுகுக் கொழுப்பின் உள்ளடுக்கு அடுத்தது, தோலை ஒட்டிய வெளியடுக்கு அதைவிட இளகல். தாடைக் கொழுப்பு இன்னும் இளகல். வெளியே போகப் போகக் குளிர்ச்சி கூடுவதால், அங்கிருக்கும் கொழுப்பு உறையாமல் நெகிழ்வாக இருக்க வேண்டிய தேவை உடம்புக்கு இருக்கிறது.

1901-இல் டென்மார்க்கில் ஹென்ரிக்வெஸும் ஹான்சனும் இதை அழகாகச் சோதித்தார்கள். ஒரு பன்றியைக் கடுங்குளிரிலும், இன்னொன்றைக் கதகதப்பான இடத்திலும் வளர்த்தார்கள். மூன்றாவதையும் குளிரில்தான் வைத்தார்கள், ஆனால் அதற்கு ஆட்டுத்தோல் சட்டை தைத்துப் போட்டார்கள்! குளிரில் வெறும் உடம்போடு இருந்த பன்றியின் வெளிக் கொழுப்பு இளகலாகவும், சட்டை போட்டதன் கொழுப்பு அதைவிடக் கெட்டியாகவும் இருந்தது.

தீவனத்தை மாற்றினால் எத்தனை நாளில் தெரியும்?

மாற்றம் முதல் இரண்டு வாரத்திலேயே ஆரம்பித்துவிடும். பெரும்பகுதி முடிய ஆறு முதல் எட்டு வாரம் பிடிக்கும். ஏற்கெனவே படிந்த கொழுப்பு அப்படியே கிடப்பதில்லை, கரைந்தும் சேர்ந்தும் கொண்டே இருக்கும். ஆனால் மெதுவாக. வளரும் பன்றியில் பழையதைக் கரைப்பதைவிட, மேலே புதியதைக் கொட்டி விகிதத்தை மாற்றுவதே அதிகம் நடக்கிறது.

அதனால்தான் அறுப்புக்கு முந்தைய மூன்று நான்கு வாரம் டிடிஜிஎஸ்-ஐ நிறுத்தும் வழக்கம் வந்தது. அதில் அயோடின் எண் சில அலகு இறங்கும், முதலிலிருந்தே போடாத பன்றியின் நிலைக்கு வராது. ஏற்றுவது சுலபம், இறக்குவது கடினம் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒமேகா-3 நிறைந்த பன்றி இறைச்சி என்று விற்கிறார்களே, உண்மையா?

உண்மைதான். ஆளிவிதை கொடுத்தால் ஆல்ஃபா லினோலெனிக் அமிலம் ஒரு சதவீதத்திலிருந்து பல மடங்கு ஏறும். ஆனால் மீனில் கிடைக்கும் நீண்ட சங்கிலி ஒமேகா-3 வேறு. இபிஏ, டிஎச்ஏ என்ற இரண்டும் அந்த வகை. லினோலெனிக்கிலிருந்து இபிஏ-வைப் பன்றி கொஞ்சம் செய்துகொள்ளும், டிஎச்ஏ ஏறுவது அநேகமாக இல்லை. அது வேண்டுமென்றால் மீன் எண்ணெயோ பாசியோ கொடுத்தாக வேண்டும்.

மீன் எண்ணெய் கொடுத்தால் வேறு வம்பு. அளவு கூடினால் இறைச்சியைச் சூடாக்கியதும் மீன் வாடை வீசும். பேக்கனை வாணலியில் போட்டால் கருவாட்டு மணம் வந்தால் யார் திரும்ப வாங்குவார்கள்? அதனால் குறைந்த அளவில் கொடுத்து, அறுப்புக்குச் சில வாரம் முன்பே நிறுத்துவார்கள். ஒமேகா-3 ஏற்றும் எந்தத் தீவனத்திலும் வைட்டமின் ஈ-யைத் தாராளமாகக் கூட்டுவது கட்டாயம். இறைச்சியில் சேரும் அந்த வைட்டமின்தான் காறலிலிருந்து காக்கிறது.

கொழுப்பைக் கெட்டியாக்க மருந்து மாதிரி ஏதாவது உண்டா?

இணைந்த லினோலிக் அமிலம் என்ற சிஎல்ஏ உண்டு. பேர் லினோலிக் என்றாலும் செய்யும் வேலை நேர்மாறு. ஸ்டியரிக்கை ஒலியிக்காக மாற்றும் அந்த டெல்டா-9 நொதியை இது மட்டுப்படுத்துகிறது. அதனால் ஸ்டியரிக் தேங்கி, கொழுப்பு விறைக்கிறது. முதுகுக் கொழுப்பின் கனமும் ஓரளவு குறையும். தீவனத்தில் ஒரு சதவீதமோ அதற்கும் குறைவோ போதும். விலைதான் தடை.

இதற்கு எதிர்த்திசையில், வளர்ச்சிக்காகச் செம்பை மிக அதிகமாகச் சேர்த்தால் அதே நொதி முடுக்கிவிடப்பட்டுக் கொழுப்பு இளகும் என்று பழைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

தசைக்குள் இருக்கும் கொழுப்பும் இப்படி மாறுமா?

மாறும், ஆனால் தோலடிக் கொழுப்பு அளவுக்கு இல்லை. தசையில் இருக்கும் கொழுப்பில் ஒரு பங்கு செல் சவ்வுகளின் பாஸ்போலிப்பிடுகள். அவற்றின் அமைப்பை உடம்பு கறாராகக் கட்டுப்படுத்தும். தசைக்குள் கொழுப்பு எவ்வளவு இருக்கும் என்பதற்கும் எண்ணெய்க்கும் சம்பந்தம் குறைவு. அது இனத்தைப் பொறுத்தது, டுரோக் இனம் இதற்குப் பேர்போனது. இறுதிக்கட்டத் தீவனத்தில் புரதமோ, அதன் கூறான லைசின் என்ற அமினோ அமிலமோ குறைந்தாலும் தசைக் கொழுப்பு கூடும்.

தீவனத்தில் எண்ணெய் சேர்த்தால் பன்றி கொழுத்துவிடுமா?

எண்ணெய் என்பதற்காகக் கொழுக்காது, சக்தி மிஞ்சினால் கொழுக்கும். தின்ற கொழுப்பை உடம்புக் கொழுப்பாக மாற்றுவதில் சேதாரம் 10 சதவீதம் வாக்கில்தான். மாவுச்சத்தைக் கொழுப்பாக்கும்போது அதைவிட அதிகம் வீணாகும். அதனால் எண்ணெய் சேர்க்கும்போது லைசினையும் அதற்கேற்பக் கூட்ட வேண்டும். சக்திக்கு ஈடாகப் புரதம் இல்லாவிட்டால் மிஞ்சுவது முதுகில் ஏறும்.

கொலஸ்ட்ரால் குறையுமா?

தீவன எண்ணெயை மாற்றினால் இறைச்சியின் கொலஸ்ட்ரால் அளவில் சொல்லிக்கொள்ளும்படி மாற்றம் வராது. கொலஸ்ட்ராலைப் பன்றி தன் தேவைக்குத் தானே செய்து, தானே கட்டுக்குள் வைத்துக்கொள்கிறது.

குட்டிகளுக்கும் இது பொருந்துமா?

பிறக்கும்போது குட்டியின் உடம்பில் கொழுப்பு என்று ஒன்றிரண்டு சதவீதம்தான். பிறந்ததும் நடுங்குவதும், கதகதப்பு இல்லாவிட்டால் செத்துப்போவதும் இதனால்தான். பால் குடிக்க ஆரம்பித்த பிறகு கொழுப்பு மளமளவென்று ஏறும், ஏனென்றால் தாய்ப்பன்றியின் பாலில் கொழுப்பு 6 முதல் 8 சதவீதம். அந்தப் பால் கொழுப்பின் தன்மை தாய் தின்னும் எண்ணெயைப் பொறுத்தது. ஆக, குட்டி தீவனத் தொட்டியைப் பார்ப்பதற்கு முன்பே தாயின் தீவனம் அதன் கொழுப்பில் எழுதப்பட்டிருக்கும். விற்பனை எடை வருவதற்குள் அது கரைந்து மறைந்துவிடும் என்பதால் இறைச்சித் தரத்துக்கு இதைக் கணக்கில் எடுக்கத் தேவையில்லை.

தீவனத்தின் எண்ணெயை எப்படி முன்கூட்டியே கணக்குப் பார்ப்பது?

தீவன எண்ணெயின் அயோடின் எண்ணை, தீவனத்தில் எண்ணெய் எத்தனை சதவீதம் என்பதால் பெருக்கி, அதை 0.1-ஆல் பெருக்குங்கள். எண் 125, எண்ணெய் 4 சதவீதம் என்றால் 50. இதை அயோடின் பெருக்கம் என்பார்கள். இரண்டு தீவனங்களை ஒப்பிடக் கைக்கு உதவும். ஆனால் ஒலியிக்கையும் லினோலிக்கையும் ஒரே தராசில் போடுவது இதன் குறை. என்னைக் கேட்டால், பன்றி ஒரு நாளில் எத்தனை கிராம் லினோலிக் தின்கிறது என்று பாருங்கள். அந்த ஒற்றை எண் இதைவிட நம்பகமானது.

எல்லாம் சரியாகச் செய்தும் ஆலையில் அயோடின் எண் அதிகம் என்று திருப்பிவிட்டார்கள். எங்கே தப்பு?

முதலில் மாதிரியை எந்த இடத்தில் எடுத்தார்கள் என்று கேளுங்கள். தாடையில் எடுத்த எண்ணை முதுகுக்கான வரம்போடு ஒப்பிட்டால் நல்ல பன்றிகூடத் தோற்றுப்போகும். முதுகுக் கொழுப்பில் எடுத்திருந்தால் எல்லா அடுக்குகளும் சேர்த்தா, வெளியடுக்கு மட்டுமா என்று பாருங்கள். அப்புறம், எத்தனை பன்றிகளில் எடுத்தார்கள்? லாரியில் மெலிந்த பெண் பன்றிகள் மட்டும் போயிருந்தால் அந்த எண் உங்கள் கொட்டகை முழுவதையும் சொல்லாது. இதெல்லாம் சரியாக இருந்தால் தீவனத்துக்கு வாருங்கள்: தவிடு, முழுச் சோயா, டிடிஜிஎஸ் என்று கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் ஒளிந்திருக்கும் பொருட்களைக் கூட்டிப்பாருங்கள். எண்ணெய் டின்னே வாங்காத பண்ணையில்கூடத் தவிட்டிலிருந்து மட்டுமே கணிசமான லினோலிக் உள்ளே வந்துகொண்டிருக்கும்.